கலங்கல் தெருவில் மூன்று படி

மறைமலை நகரை முதுகுக்குப் பின்னால் விட்டுவிட்டு நடந்துகொண்டிருந்தேன். ஜி.எஸ்.டி. சாலையில் மழை சாய்வாகப் பெய்துகொண்டிருந்தது. கார்களுக்கு உதிரிப் பாகம் செய்யும் ஒரு சின்னத் தொழிற்சாலையில் பெட்டி ஏற்றும் வேலை பார்த்துவந்தேன். தங்குவதற்கு ஒரு கொட்டகை கொடுத்திருந்தார்கள். கூரை ஒழுகும். ஒழுகியதற்காக வேலையை விட்டேன் என்று சொல்ல முடியாது, அதைவிட மோசமாக ஒழுகிய இடங்களில் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன். அன்று காலை ஒரு பெட்டியைத் தூக்கும்போது, நாளைக்கும் இதே பெட்டியைத்தான் தூக்கப் போகிறோம் என்று தோன்றியது. கீழே வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். எட்டாம் வகுப்புப் பாதியில் பள்ளிக்கூடத்தைவிட்டு வந்ததும் இப்படி ஒரு காலையில்தான். அதற்குப் பிறகு கோவளத்தில் மீனுக்கு ஐஸ் உடைத்தேன். பொழிச்சலூரில் தண்ணீர் கேன் சுமந்தேன். எல்லா இடத்திலும் ஏதோ ஒரு காலை வந்துவிடும்.

நம்முடைய குடியிருப்போர் சங்கங்களில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களிடம் பேசச் சொன்னார்கள். வால்வு எப்படித் திறப்பது, தெருவிளக்கு எரியாவிட்டால் யாருக்குப் போன் செய்வது, தண்ணீர் லாரி வந்தால் எந்தத் தெருவை முதலில் விடுவது என்பதையெல்லாம் மற்றவர்கள் சொல்லித் தருவார்கள். அவை தானாகவே கைக்கு வந்துவிடும். முட்டி சொன்ன பேச்சைக் கேட்காததால் நான் வேலையை நிறுத்திக்கொண்டவன். என்னிடம் சொல்ல இருப்பது ஒரே ஒரு பகல். அதன் பிறகு எத்தனையோ மழை பார்த்தேன், ஆனால் இந்த வேலை என்னவென்று எனக்குத் தெரிந்தது அந்தப் பகலில்தான்.

பெருங்களத்தூர் தாண்டியதும் சாலையில் தண்ணீர் நின்றது. போலீஸ்காரர்கள் வண்டிகளை மேற்கே திருப்பிவிட்டார்கள். எனக்குப் போகவேண்டிய இடம் என்று ஒன்றும் இல்லாததால், வண்டிகள் திரும்பிய பக்கம் நானும் திரும்பினேன். கொஞ்ச தூரத்தில் வண்டிகளும் நின்றுவிட்டன. நான் மட்டும் போய்க்கொண்டிருந்தேன். முதல் நாள் மதியம் சாப்பிட்டது. பசி ஒரு அளவு தாண்டினால் உடம்பு லேசாகிவிடும். கண்ணில் படுவதெல்லாம் கொஞ்சம் தள்ளி நிற்பதுபோல் இருக்கும். வீடுகள் தண்ணீரில் தலைகீழாக நின்றன. வானம் காலுக்குக் கீழே கிடந்தது. நான் மேகத்தின் மேல் மெதுவாகக் காலை வைத்து நடந்தேன். ஒரு மாடியிலிருந்து யாரோ கயிற்றில் கூடையை இறக்கிக்கொண்டிருந்தார்கள். கீழே அதை வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. கூடை அப்படியே காற்றில் சுற்றிக்கொண்டிருந்தது.

அந்தத் தெருவின் முடிவில் ஏரிக்கரை. கரைமேல் குடைகளுடன் ஒரு கூட்டம் நின்று சண்டை போட்டுக்கொண்டிருந்தது.

இடத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஏரிக்கு ஒரு பக்கம், ஏரி ஓரத்திலேயே, பூங்குயில் நகர். புதிய வீடுகள், மொசைக் வாசல்கள். மறுபக்கம், கரைக்குக் கீழே, கலங்கல் தெரு. ஏரி நிரம்பினால் உபரித் தண்ணீர் வழிந்து வெளியேறும் கற்சுவர் மேடைதான் கலங்கல். அங்கிருந்து புறப்படும் கால்வாய் கல்யாண மண்டபத்தைச் சுற்றி, மாதா கோயில் பின்புறமாக வளைந்து, கலங்கல் தெரு வழியாகப் போகிறது. தண்ணீர் தெருவுக்குள் வரக்கூடாது என்று கீழ்த்தெருக்காரர்கள் கலங்கல்மேல் மணல் மூட்டைகளை அடுக்கியிருந்தார்கள். அதனால் ஏரி பின்னால் ஏறி, பூங்குயில் நகர்ச் சமையலறைகளுக்குள் புகுந்துவிட்டது. மூட்டையை எடுத்தால் மேல்நகர் பிழைக்கும், கீழ்த்தெரு முழுகும். எடுக்காவிட்டால் அது மாறி நடக்கும். கால்வாயை ஆழப்படுத்த ஜே.சி.பி. வருவதாக இருந்தது. ஆனால் ஊரில் எல்லா ஏரிகளும் ஒன்றாக நிரம்பியிருந்தன. சாயங்காலம்தான் வர முடியும் என்று சொல்லியிருந்தார்கள்.

கீழ்த்தெருச் சங்கத் தலைவர் எத்திராஜ். ஒரு காலத்தில் அந்த ஏரித் தண்ணீரில் நெல் போட்ட குடும்பம், இப்போது கம்பி, சிமெண்டுக் கடை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மூட்டைகள்மேலேயே உட்கார்ந்திருந்தார். எதிரே பூங்குயில் நகர்ச் சங்கச் செயலாளர் பத்மா டீச்சர், ஒரு கையில் குடை, ஒரு கையில் செருப்பு.

“சார், ப்ளீஸ், கொஞ்சம் ப்ராக்டிகலா யோசிங்க. எங்க வீட்ல கேஸ் ஸ்டவ் மிதக்குது. பாத்ரூம்ல பாம்பு. வயசானவங்க எல்லாரும் மாடியில உட்கார்ந்துட்டிருக்காங்க.”

“பாம்பு மாடிக்கு ஏறாது மேடம். எங்காண்ட ஒருத்தன் கட்டில்ல கீறான், அவனும் ஏற மாட்டான். அவனுக்கு இன்னா பதில்?”

அந்த ‘ஒருத்தன்’ யாரென்று பிறகு தெரிந்தது. கலங்கல் தெருவில் இட்லிக் கடை வைத்திருக்கும் சகாயமேரியின் கணவர் ஆரோக்கியம். பக்கவாதத்தில் ஒரு பக்கம் விழுந்து, கட்டிலோடு இருந்தார். பெரிய உடம்பு. வீட்டுக்கு மாடி கிடையாது, மொட்டை மாடிக்கு ஏறுவதற்குச் சுவரில் செங்குத்தாக ஒரு இரும்பு ஏணி மட்டும். அக்கம்பக்கத்து மாடிப்படிகளும் அவரைப் படுக்கவைத்து ஏற்ற முடியாத அளவுக்குக் குறுகல். ஆம்புலன்ஸால் பெரிய சாலையில் நின்ற தண்ணீரைத் தாண்டித் தெருமுனைவரைகூட வர முடியவில்லை. தெரு ஆட்கள் கட்டில் கால்களுக்குக் கீழே ஹாலோ பிளாக் கல் வைத்துத் தூக்கியிருந்தார்கள். அதற்குமேல் தண்ணீர் வந்தால் அவர் படுத்தபடியே முழுகவேண்டியதுதான்.

மூட்டைகளை ஒவ்வொன்றாக எடுப்பது என்று இருவரும் ஒருவழியாக ஒப்புக்கொண்டார்கள். சகாயமேரி வீட்டு வாசலில் மூன்று படி. மூன்றாவது படியைத் தண்ணீர் தொட்டால் நிறுத்தி, மூட்டையைத் திரும்ப வைத்துவிடவேண்டும். பேச்சு நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் படியில் நின்று பார்த்துச் சொல்வது யார்?

“எங்க ஆளு சொல்லுவான்” என்றார் எத்திராஜ்.

“உங்க ஆளு ஒரு துளி வந்தாலே மூணாவது படின்னு சொல்லுவாரு.”

“உங்க ஆளு ஜன்னல் முழுகினாலும் முதல் படின்னுவான்.”

“போட்டோ எடுத்து க்ரூப்ல போடுங்க, எல்லாரும் பார்ப்போம்.”

“காலைல நீங்க போட்டீங்களே ஒரு போட்டோ? அது போன மழைல எடுத்தது மேடம். அந்தச் சேத்துல நிக்கிற ஸ்கூட்டரு போன வருஷமே வித்தாச்சு.”

அப்போதுதான் கூட்டத்தின் ஓரத்தில் நின்ற என்னை எத்திராஜ் பார்த்தார். “யோவ், நீ எந்தப் பக்கம்?”

“எந்தப் பக்கமும் இல்லீங்க. நடந்து போய்க்கிட்டு இருக்கேன்.”

“வூடு எங்க கீது?”

“இல்லீங்க.”

“இல்லன்னா? வாடகை வூடா?”

“அதுவும் இல்ல.”

“சொந்தக்காரங்க யாராச்சும் இந்தாண்ட கீறாங்களா?”

“இந்தாண்டயும் இல்ல, அந்தாண்டயும் இல்ல.”

இந்தக் கேள்விகளை என்னிடம் போலீஸ்காரர்கள் கேட்டிருக்கிறார்கள், லாட்ஜுக்காரர்கள் கேட்டிருக்கிறார்கள், ஒரு முறை பெண் வீட்டாரும் கேட்டிருக்கிறார்கள். பதில் சொன்னதும் எல்லோர் முகமும் ஒரேமாதிரி மூடிக்கொள்ளும். அன்றைக்கு அந்த இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள், தொலைந்த சாவி கிடைத்ததைப்போல.

“எத்திராஜ் சார், இவர் ஓகேதானே?”

“எனக்கு ஓகே மேடம். வூடே இல்லாதவன் யாருக்காகப் பொய் சொல்லப் போறான்?”

ஒரு பட்டன் போனை பாலித்தீன் பையில் சுற்றி என் கையில் கொடுத்தார்கள். கலங்கலில் இன்னொரு போன், ஸ்பீக்கரில், இரண்டு பக்கமும் கேட்கும்படி. நான் பார்ப்பதை அப்படியே சொல்லவேண்டும். அவ்வளவுதான் வேலை என்றார்கள். நானும் நம்பினேன்.

கலங்கல் தெருவில் கணுக்காலளவு தண்ணீர் இருந்தது. மின்சாரத்தை ஏற்கெனவே நிறுத்தியிருந்தார்கள், அதனால் தெருவில் எந்த ஓசையும் இல்லை, மழையைத் தவிர. சகாயமேரி வாசற்படியில் உட்கார்ந்து அரிசி மாவுத் தூக்கை மடியில் வைத்திருந்தார்.

“வந்துட்டாருய்யா அம்பயரு” என்றார் என்னைப் பார்த்ததும். “மேல இருந்து உனக்கு இன்னா குடுத்தாங்க?”

“ஒண்ணும் இல்லக்கா.”

“கீழ இருந்து?”

“அதுவும் இல்ல.”

“அப்ப எதுக்குய்யா இந்த மழைல நிக்கிற? லூசா நீ?”

உள்ளே உயர்ந்த கட்டிலில் ஆரோக்கியம் படுத்திருந்தார். என் நெஞ்சு உயரத்தில் ஒரு பெரிய முகம். உடம்பு விழுவதற்கு முன்னால் தண்ணீர் லாரி ஓட்டியவர். பாதி வாயால் பேசினாலும் வார்த்தை புரிந்தது. “வெயில் காலத்துல அந்த நகருக்கு நாந்தான் லோடு லோடா தண்ணி அடிச்சேன். இப்போ அவனுங்க எனக்கு அனுப்புறானுங்க. கணக்கு நேராயிடுச்சி பாத்தியா?” சொல்லிவிட்டுச் சிரித்தார். பிறகு கேட்டார்: “தண்ணி ஏறுனா கட்டிலு மிதக்குமா?”

“இரும்புக் கட்டிலு. எப்பிடி மிதக்கும்?” என்றார் சகாயமேரி. சொல்லிவிட்டு மாவுத் தூக்கை இறுக்கி மூடினார்.

போனில் சத்தம் வந்தது: “முதல் மூட்டை எடுத்தாச்சு!”

படியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒன்றும் நடக்கவில்லை. தண்ணீர் கண்ணாடிமாதிரி அசையாமல் கிடந்தது. மழைத்துளி விழுந்த இடமெல்லாம் சின்னச் சின்ன வட்டம். எதிர்வீட்டு நீலச் சுவர் தண்ணீருக்குள் நீண்டு, என் காலடிவரைக்கும் வந்திருந்தது. அந்த நீலத்துக்குள் நான் நிற்பதாகவே பட்டது. எவ்வளவு நேரம் அப்படி நின்றேன் என்று தெரியவில்லை. திடீரென்று அந்த நீலம் கலங்கியது. கணுக்காலுக்கு மேல் குளிர்ந்த தண்ணீர் இடித்தது. ஏரி மீன்கள் தெருவுக்குள் வந்தன. ஒரு கெண்டை எதிர்வீட்டு கேட்டுக்குள் நுழைந்து, யாருமில்லை என்று கண்டுகொண்டதுபோலத் திரும்பி வந்தது. யாரோ மாடியிலிருந்து கொசுவலையை எறிந்தார்கள்.

“முதல் படி முழுகிடுச்சு” என்றேன் போனில்.

“சரி, இன்னொரு மூட்டை எடுக்கிறோம்” என்றார் டீச்சர். கொஞ்ச நேரத்தில் அங்கே ஒரே கூச்சல். மூட்டை எடுத்த இடத்தில் ஆகாயத்தாமரை வந்து அடைத்திருக்கிறது, அதை ஒருவர் பச்சை பக்கெட்டால் அள்ளித் தள்ளியிருக்கிறார், பக்கெட் கைநழுவிக் கால்வாயில் போய்விட்டது. “போச்சு, பக்கெட் போச்சு!” என்று ஒரு பெண் கத்துவதும், இரண்டு பக்கத்து ஆட்களும் சேர்ந்து சிரிப்பதும் போனில் கேட்டது. காலையிலிருந்து அவர்கள் சேர்ந்து செய்த முதல் காரியம் அந்தச் சிரிப்பாகத்தான் இருக்கும்.

சகாயமேரி என் பக்கத்தில் வந்து நின்றார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். “தம்பி, மூணாவது படி வந்துட்ச்சுன்னு சொல்லிடு.”

“இன்னும் ரெண்டாவதே நனையலக்கா.”

“எனக்குத் தெரியாதா? சொல்லு. உனக்கு இன்னா போச்சு? சொல்லிட்டு நீ பாட்டுக்கு நடந்து போ. உன்னை யாரு தேடப் போறா?”

அவர் சொன்னது எல்லாமே உண்மை. என்னை யாரும் தேடப்போவதில்லை. கட்டிலைப் பார்த்தேன். ஆரோக்கியம் கண்ணை மூடிக்கொண்டிருந்தார், தூங்கவில்லை. போனை எடுத்து, “இன்னும் இல்ல. ரெண்டாவது படிக்குக் கீழதான் இருக்கு” என்றேன்.

சகாயமேரி என்னைத் திட்டியதை இங்கே சொல்ல முடியாது. சொல்லக்கூடிய பகுதி இது: “வூடு வாசல் இல்லாத பையன்கிட்ட போயி வூட்டைக் காப்பாத்துன்னு கேட்டேன் பாரு, என்னைச் சொல்லணும்.” நீங்களும் இந்த வேலையில் நிறைய வாங்குவீர்கள். பயத்தில் வரும் வார்த்தைகள் அவை. மழை விட்டதும் சொன்னவர்களுக்கே ஞாபகம் இருக்காது.

மேலே, இன்னும் இரண்டாவது படிகூட வரவில்லை என்றதும் தைரியம் வந்துவிட்டது. “அப்ப ரெண்டு மூட்டையைச் சேர்த்தே எடுத்திடலாம்” என்று ஒரு குரல். எத்திராஜும் ஒப்புக்கொண்டார். எடுத்துவிட்டார்கள். தண்ணீர் இரண்டாவது படியின் விளிம்பை வந்து தொட்டது. அப்படியே நின்றது. எல்லாம் ஒழுங்காக நடப்பதாகத் தோன்றியது.

அப்போது கல்யாண மண்டபப் பக்கத்திலிருந்து அந்தப் பச்சை பக்கெட் வந்தது.

மெதுவாக, தன்னைத்தானே சுற்றிக்கொண்டு, தெருவை வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தது. “நல்ல பக்கெட்டு” என்று சகாயமேரி எட்டிப் பிடித்தார். நான் அதையே பார்த்தேன். பசியில் கண் இருட்டிக்கொண்டு வந்தது. ஆனாலும் உள்ளே ஒன்று தெளிந்தது. இந்த பக்கெட் விழுந்து எவ்வளவு நேரம் ஆகிறது! அவர்கள் சிரித்து முடித்து, சகாயமேரி கெஞ்சி, திட்டி முடித்து, மேலே பேசி முடிவெடுத்து, இன்னும் இரண்டு மூட்டையும் எடுத்த பிறகு இப்போதுதான் இது வருகிறது. அப்படியானால் நான் காலடியில் பார்ப்பது பக்கெட் விழுந்த நேரத்துத் தண்ணீர். கடைசியாக எடுத்த இரண்டு மூட்டைக்கும் உரிய தண்ணீர் இன்னும் மாதா கோயில் பின்னால் வந்துகொண்டிருக்கிறது. யார் கண்ணிலும் படாமல், யாரும் சொல்லாமல்.

சரியாகத்தான் நினைக்கிறேனா என்று தெரியவில்லை. கால்வாய் எங்காவது உடைத்துக்கொண்டு வேறு பக்கம் போகலாம். நான் இப்போது நிறுத்தச் சொல்லி, தண்ணீர் வராமலே போனால், மூன்றாவது படி என்று செய்த ஒப்பந்தத்தை உடைத்தவன் ஆவேன். அதற்குப் பிறகு அந்தப் படியில் யார் நின்று என்ன சொன்னாலும் மேல்நகர் கேட்காது. பார்ப்பதைச் சொல் என்றுதான் எனக்குச் சொல்லியிருந்தார்கள். இது பார்க்காதது.

“போதும். எல்லா மூட்டையையும் திரும்பப் போடுங்க” என்றேன்.

“மூணாவது படி வந்துட்டுதா?” டீச்சர் குரல்.

“இல்ல. ரெண்டாவது படி.”

“அப்புறம் எதுக்கு?”

எனக்கு விளக்கத் தெரியவில்லை. “வந்துக்கிட்டு இருக்கு” என்று மட்டும் சொன்னேன். எத்திராஜின் ஆட்கள் அதற்குள் மூட்டைகளைத் தூக்கிப் போட ஆரம்பித்துவிட்டார்கள். அந்தப் பக்கம் தள்ளுமுள்ளு. போன் நின்றுவிட்டது.

சற்று நேரத்தில் பத்மா டீச்சர் கலங்கல் தெருவுக்கே வந்துவிட்டார். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பின்னால் மேல்நகர் ஆட்கள் சிலருடன் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வந்தார். எத்திராஜும் கூடவே ஓடிவந்தார்.

“எங்க சார் மூணாவது படி? காட்டுங்க! ரெண்டாவதே இப்பதான் நனைஞ்சிருக்கு. இட்லி குடுத்தாங்களா?”

“இட்லியா?” என்றார் சகாயமேரி. “இவனை வந்ததுலருந்து திட்டிகினு கீறேன், இவனுக்கு இட்லியா?”

“ட்ராமா பண்ணாதீங்கம்மா. நாங்க நம்பித்தானே இவரை அனுப்பினோம்?”

“நாங்களும்தான் நம்பி அனுப்புனோம்” என்றார் எத்திராஜ். “மேடம், அவன் ஏதோ பாத்துட்டுத்தான…”

“என்ன பார்த்தாரு? அவரையே சொல்லச் சொல்லுங்க. நீங்க சொல்லுங்க சார், என்ன பார்த்தீங்க?”

நான் பக்கெட்டைக் காட்டினேன். வேறு என்ன காட்டுவது? எல்லோரும் அந்தப் பச்சை பக்கெட்டைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள். யாரோ சிரித்தார்கள். டீச்சர் கோபத்தில் இன்னும் வேகமாகப் பேசினார். மாடியில் இருக்கும் வயதானவர்கள், மிதக்கும் அடுப்பு, வாக்கு கொடுத்தால் காப்பாற்றவேண்டும் என்று ஒவ்வொன்றாக. எதுவும் பொய்யில்லை. மழை மெலிந்து, ஒரு வெள்ளை வெளிச்சம் தெருவுக்குள் இறங்கியிருந்தது.

“டீச்சர்” என்றார் சகாயமேரி. மெதுவான குரல். “உங்க பொடவையப் பாருங்க.”

டீச்சர் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. ஆனால் முழங்காலுக்குக் கீழே இருந்த ஈரக்கோடு அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே முழங்காலைத் தாண்டியிருந்தது. எல்லோரும் குனிந்து தங்கள் தங்கள் காலைப் பார்த்தார்கள். கலங்கலில் மூட்டைகள் எல்லாம் திரும்ப அடுக்கியாகிவிட்டது, அது அவர்கள் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. இரண்டாவது படி எங்கள் கண்முன்னால் மறைந்தது. மூன்றாவது படியில் ஒரு மெல்லிய நாக்குபோல ஏறி, நிலைப்படியைத் தொட்டு, கொஞ்சம் யோசித்துவிட்டு, உள்ளே போனது.

முதலில் குடையைத் தூக்கிப் போட்டுவிட்டு உள்ளே ஓடியவர் டீச்சர்தான். “கல்லு! இன்னும் கல்லு கொண்டாங்க!” எத்திராஜ் கடையிலிருந்து ஹாலோ பிளாக் கை மாறி கை மாறி வந்தது, மேல்நகர்க் கை, கீழ்த்தெருக் கை என்று பார்க்காமல். கட்டிலின் நான்கு மூலையிலும் ஆட்கள். “தூக்கு, தூக்கு, ஒண்ணா தூக்கு!” ஆரோக்கியத்தோடு கட்டில் எழும்பியது. அவர் கூரையைப் பார்த்தபடி, “பாத்து, ஃபேன்ல இடிக்கப்போறீங்க” என்றார். இன்னொரு வரிசைக் கல் கீழே போனது. தண்ணீர் வீடு முழுக்கப் பரவி, முதல் கல்லின் பாதிவரை ஏறியது. ஒரு சின்ன மீன் கட்டிலுக்கு அடியில் இங்கும் அங்கும் போனது. அப்புறம் தண்ணீர் அங்கேயே நின்றுவிட்டது. நாங்கள் கட்டிலைப் பிடித்த கையை எடுக்காமல் வெகுநேரம் நின்றோம்.

“மூணாவது படின்னு நாம காத்திருந்தா?” என்றார் எத்திராஜ்.

டீச்சர் கட்டிலின் உயரத்தைக் கண்ணால் அளந்தார். “வழியில இருக்கிற தண்ணியை நம்ம யாருமே சேர்த்துக்கல சார்” என்றார்.

“நான் பொறந்ததே இங்கதான் மேடம். எனக்கும்தான் தோணல.”

உங்களுக்கு நான் சொல்ல நினைத்தது இதைத்தான். சங்கத்து ஆளிடம் எல்லோரும் பார்த்ததைச் சொல்லச் சொல்வார்கள். அதில் பொய் கலந்தால் நீங்கள் தொலைந்தீர்கள். சகாயமேரிக்காக நான் முன்பே பொய் சொல்லியிருந்தால், இரண்டாவது முறை நான் சொன்னதைச் சரிபார்க்கக்கூட மேல்நகரிலிருந்து யாரும் நேரில் வந்திருக்கமாட்டார்கள். ஆனால் கண் பார்ப்பதோடு நின்றுவிட்டாலும் போதாது. கரண்டோ, கழிவுநீரோ, கூட்டமோ, எதுவாக இருந்தாலும் நம் காலடிக்கு வந்து சேர்வதற்கு முன்னால் எங்கேயோ புறப்பட்டுவிட்டிருக்கும். அதைச் சொல்லும்போது உங்களிடம் ஆதாரம் இருக்காது. ஒரு பச்சை பக்கெட்தான் இருக்கும். சிரிப்பார்கள். சொல்லிவிடுங்கள்.

அன்று மீதிப் பகல் முழுக்க மூட்டைகளை எடுத்தோம், வைத்தோம். ஒவ்வொன்றையும் எடுத்தபின், அந்தத் தண்ணீர் தெருவுக்கு வந்து சேரும்வரை யாரும் அடுத்ததைத் தொடவில்லை. மேல்நகரில் தண்ணீர் கணுக்காலுக்கு இறங்கியது, கீழ்த்தெருவில் மறுபடி நிலைப்படிக்கு மேல் ஏறவில்லை. பொழுது சாய்வதற்குள் ஜே.சி.பி. வந்து கால்வாயை வெட்டியது. நான் கல்யாண மண்டபத்தில் யாரோ கொடுத்த பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டு, கல்யாணத்துக்குக் கட்டிய காகிதப் பூக்களைப் பார்த்தபடியே தூங்கிப்போனேன்.

காலையில் கிளம்பலாம் என்றுதான் எழுந்தேன். வெளியே இரண்டு சங்கத்தாரும் நின்றார்கள். மழைக்காலம் முடியும்வரை இருங்கள், இரண்டு பக்கத்துக்கும் பொதுவான ஆளாக, என்றார்கள். உடனே அடுத்த சண்டை ஆரம்பித்தது. நான் எங்கே தங்குவது?

“எங்க வீட்டு மாடியில ஒரு ரூம் சும்மா கிடக்கு” என்றார் டீச்சர்.

“அப்ப அவன் மேல்பக்கத்து ஆளாயிடுவான். என் குடோன்ல படுக்கட்டும்.”

“அப்ப உங்க ஆளாயிடுவாரு.”

கரைமேல் இருந்த பழைய பம்ப் அறையைக் காட்டி, அங்கே படுத்துக்கொள்கிறேன் என்றேன். அதன் கூரையை அண்ணாந்து பார்த்தேன். ஒழுகும். பரவாயில்லை. அடுத்து, சாப்பாடு யார் போடுவது என்று வந்தது. சகாயமேரி இடுப்பில் கை வைத்துக்கொண்டு சொன்னார்: “இட்லி நான் குடுக்குறேன். எங்க பக்கம் சாஞ்சிட்டான்னு சொல்லுவீங்க. சட்னியை மேல இருந்து அனுப்பிடுங்க டீச்சர். நடுவுல இவன் தொட்டுத் துன்னட்டும்.”

எல்லோரும் சிரித்தார்கள். அதுவரை எந்த ஊரிலும் எனக்குக் காலைப்பொழுது இப்படிச் சிரிப்போடு ஆரம்பித்ததில்லை.

எத்திராஜ் கடையிலிருந்து சிவப்பு பெயிண்ட் டப்பாவும் பிரஷும் கொண்டுவந்தார். இனி மூட்டை எடுப்பதை நிறுத்தவேண்டிய மட்டத்துக்கு ஒரு கோடு போடவேண்டும், இடத்தை நீயே முடிவு செய் என்று என் கையில் கொடுத்தார்கள். நான் கலங்கல் தெருவுக்கு இறங்கிப் போனேன். தண்ணீர் வடிந்து, சேறு மினுங்கிக்கொண்டிருந்தது. இரண்டாவது படியின் பக்கச் சுவரில் பிரஷை வைத்தேன். உள்ளே கட்டிலிலிருந்து ஆரோக்கியம் தலையைத் திருப்பிப் பார்த்தார்.

“இன்னும் கொஞ்சம் கீழ போடுய்யா” என்றார்.

கொஞ்சம் கீழே இறக்கிப் போட்டேன்.